மாப்பிள்ளை வீட்டு ஆட்டுக்கள்ளன்

மகளைக் கட்டப்போகும் வெள்ளைக்காரப் பையனின் தாய் ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கள் அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்திருந்தார். வழக்கப்படி குடும்பத்தை விசாரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள்.

"அம்மா, இவையின்ர மூதாதை ஒராள் இங்கிலாந்தில ஆடு களவெடுத்துப் பிடிபட்டவராம். கைதியாக் கப்பலில ஏத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினவையாம். தண்டனை முடிய அங்கயே ஆட்டுப்பண்ணை வச்சவராம். அவற்ற பேரைத்தான் இவையின்ர மகனுக்கும் வச்சிருக்கினம்."

எனக்கு முகம் சுட்டது. கார் களவெடுத்துச் சிறைக்குப் போன என் தம்பியை, எனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று பல வருடமாக எல்லாரிடமும் சொல்லி மறைத்தவள் நான். அவன் பக்கத்தில், மோர்னிங்சைட்டில்தான் இருக்கிறான்.

அவர் போனதும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, கலியாணத்தில தாய்மாமனா நீதான் நிக்கோணும்."



"அக்கா, வேட்டிதானே கட்டோணும்?"

நீதிமன்றம் அவனுக்குக் கொடுத்த தண்டனை இரண்டே வருடம். நான் கொடுத்தது அன்றுதான் முடிந்தது.