நேர்ந்து தொங்கவிட்ட கடுகு

பேத்தி கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தாள். உள்ளே நூல் நூலாக முளைகள். புரோக்கோலியாம். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு எல்லாம் அதே குடும்பமாம், முளைவிட்ட புதிதில்தான் சத்து கூடவாம். பச்சையாகத் தின்னச் சொன்னாள். எனக்கு அது தெரியும். நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்து பழக்கமில்லாததால் சும்மா இருந்துவிட்டேன்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயம் காஜா பேராங் என்ற இடத்தில் தகரக் கூரை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு அம்மை போட்டது. அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்க மாட்டோம். மாமியார் அதற்கும் மேலே போய், கோயிலில் கூழ் ஊற்றும்வரை இந்த வீட்டில் கடுகு வெடிக்காது என்று நேர்ந்துகொண்டார்.

என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். "நீ நின்னுகிட்டே தூங்குறவ. கை பாட்டுக்குக் கடுகை அள்ளி எண்ணெயில போட்டுடும்" என்று, இருந்த கடுகைத் துணியில் முடிந்து பின்பக்கம் இறவாரத்து ஆணியில் தொங்கவிட்டார்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி ஊற்றியாகிவிட்டது. முத்தெல்லாம் காய்ந்தும் வீட்டுக்காரருக்குக் கால் ஊன்றவில்லை. ஈறில் ரத்தம். தாளிக்காத சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். சீக்கிரம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று துறைமுகத்தில் ஆள் வைக்கும் மண்டோர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டும் அவர் சுவர்ப் பக்கம்தான் திரும்பிப் படுத்தார். துவைப்பதும் துடைப்பதும் கஞ்சி வைப்பதுமாக எனக்கும் இடுப்பு விட்டுப் போயிருந்தது.

வீடு வீடாக வரும் மலாய்க்கார நர்ஸ், மிஸ்ஸி என்போம், வீட்டுக்காரர் ஈறைப் பார்த்தார். "பச்சைக் கீரை, எலுமிச்சை கொடு. நாங்க உலாம்னு பச்சையாத் தின்கிறோம். நீங்க கீரையை வேக வெச்சே கொன்னுடுறீங்க" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அவர் போனதும் மாமியார், "பச்சையாத் திங்க நாம என்ன ஆடா?" என்றார்.

கைத்துணி காயப்போடப் பின்னால் போனபோதுதான் பார்த்தேன். கூரை ஒழுகிக் கடுகு முடிச்சு நனைந்து, துணியின் கண்ணெல்லாம் வெள்ளை முளை, நுனியில் பச்சை இலை. மாமியாரைக் கூப்பிட்டேன். கெட்டுப்போனதை வீசு என்பார் என்று நினைத்தேன்.

அவர் மோந்து பார்த்தார். ஒன்றைக் கடித்தார்.

"அத்தை, இது கடுகுதானே. நேர்ந்தது?"

"வெடிக்காதுன்னுதான் நேர்ந்தேன். முளைக்காதுன்னு சொன்னேனா?"

ஒரு கிள்ளு எடுத்து மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம், "ஆத்தாளுக்கு வெச்சாச்சு. இனி அவனுக்குக் கொடு. நல்லா அலசு, மேலெல்லாம் கூரைத் தூசி" என்றார்.

அலசி, மோர்ச்சோற்றில் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். மென்றதும் காரம் மூக்கில் ஏறி அவர் தும்மினார்.

"என்னடி இது?"

"கடுகு."

"வாய்க்கு ருசி தெரியுதே" என்று தட்டை வழித்தார்.

அடுத்த முறை வந்த மிஸ்ஸியிடம் கேட்டோம். காய்ந்த கடுகில் இல்லாத விட்டமின் முளையில் வரும், சூடு காட்டினால் போய்விடும், கொஞ்சமாகத் தின்றால் போதும், கூடினால் வயிறு எரியும் என்றார். முடிச்சில் முளைக்காமல் மிஞ்சிய கடுகையும் ஈரச் சாக்கில் தூவி முளைக்க வைத்தேன். அதோடு ஒரு வேலை கூடிற்று. நாளாவட்டத்தில் ஈறில் ரத்தம் நின்றது. முளையாலா, எலுமிச்சையாலா, சோறு உள்ளே போனதாலா, எனக்குத் தெரியாது.

கூழ் ஊற்றிய மறுநாள் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனார். மெலிந்த முதுகு சந்து திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, பழைய சோற்றில் மிஞ்சிய முளையைப் போட்டுச் சாப்பிட்டேன். அன்றுதான் எனக்குப் பசித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நிற்கவேயில்லை.

"காரமா?" என்றார் மாமியார்.

"ஆமாம் அத்தை."

"கஞ்சிப் பானையை நான் கழுவுறேன். நீ போய்ப் படு" என்றார்.