மூடித் திறந்திருக்கலாம்

நூரு கண்ணு, விதை நிலையத்தில் போன் அடித்ததும் நீதான் என்று ஓடிப்போய் எடுத்தேன். உன் அண்ணன் பேசினார். "நூரு மௌத்தாயிட்டாளுங்க்கா. இருதயம் நின்னுருச்சு. பஸ்ஸுலகூட மலையேறக் கூடாதுன்னு டாக்டரு போன வருசமே சொல்லியிருந்தாருங்க. கேட்டாத்தானே?" டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது.

இங்கே விதை கொண்டுவரும் எல்லோருக்கும் உன்னைத் தெரியும். மலையடிவாரத்துக் காரவள்ளியில் கடைக்கார வீட்டுப் பெண், கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தவள். ஐந்தாவது படித்த என்னை அதன் முன்னால் உட்கார வைத்தாய். சாமைக்கு ஒரு கோப்பு, ராகிக்கு ஒரு கோப்பு. எத்தனை நாள் காயவேண்டும் என்று அதில் இருக்கும். நான் பெயரை அடித்தால், பைதான் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் நீ எழுதிய புரோகிராம் அந்த நேரத்தில் அந்தக் கோப்பைத் தேடி அழைத்து, விதைப் பைக்குச் சீட்டு அடிக்கும்.

முதல் நாளே ராகி வரவில்லை. திரை முழுக்க ஆங்கிலம். எதையோ கெடுத்துவிட்டேன் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். "என் கூத்துங்க்கா. கோப்பு வந்துருச்சு. அதுல இருந்து ஒரு ராகியை உண்டாக்குன்னு சொல்ல மறந்துட்டேன். அச்சை எடுத்து வெச்சுட்டா முறுக்கு வந்துருமா?"

"மாவு யாரு பெசையறது?" என்றேன்.

"நீங்க அடிக்கிற தேதியும் எடையுந்தான் மாவு!"

அப்புறம் சாமை. மழை மாதத்தில் இரண்டு நாள் காய்ந்தால் போதாது என்று கோப்பில் மூன்றாக மாற்றினேன். சீட்டில் இரண்டே வந்தது. பூசணம் பிடித்தால் அடுத்த விதைப்புக்கு விதை இல்லை. நீ வந்து கோப்பைத் திறந்தாய், மூன்றுதான் இருந்தது. வேறெங்காவது பழைய கோப்பு கிடக்கிறதா என்று தேடினாய், இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் பிடிபட்டது. "ஒருக்கா கூப்பிட்டதை உள்ளயே வெச்சுக்குதுங்க்கா. மறுக்கா கூப்பிட்டா வெளிய போய்ப் பாக்கறதில்லை. புரோகிராமை மூடித் திறந்தீங்கன்னா புதுசை எடுத்துக்கும்." கூடவே சொன்னாய்: "தப்புன்னு கத்திட்டு நின்னாக்கூடப் பரவால்ல. கமுக்கமாப் பழசைக் காட்டுது பாருங்க, அதுதான் பொல்லாதது."

எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்த பிறகும் மூன்று தடவை, "மறுபடி பழசே வருது, வா" என்று போன் செய்தேன். நீ வந்தால் பேச்சும் சிரிப்பும் இருக்கும். மற்ற நாளெல்லாம் அந்த அறையில் நானும் அந்தப் பெட்டியும்தான். மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பஸ்ஸை விட்டு இறங்குவாய். உதடு கறுத்திருக்கும். "என்ன சாமி இப்படி?" என்றால், "பஸ்ஸு சுத்துதுங்க்கா" என்பாய். நம்பினேன்.

கடைசியாக வந்த அன்று, "மூடித் திறந்தீங்களாக்கா?" என்றாய்.

"திறந்தேனே."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். மூடினாய், திறந்தாய். புதுசு வந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. "களி இருக்குதாக்கா?" என்று காலை நீட்டி உட்கார்ந்தாய். சாயங்கால பஸ் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது எதை மாற்றினாலும் நானே மூடித் திறக்கிறேன். யாரையும் அழைப்பதில்லை. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தப் பழக்கமும் அந்தக் கடைசி நாள் பொழுதும்தான். நான் சொல்வது பொய் என்று தெரிந்தேதான் மலையேறி வந்தாயா?