கலப்பைத் தட்டில் வெட்டிய தகடு

ஸ்கந்தபுரத்தில் செல்வராசாவின் கொட்டிலுக்குப் பழைய பிக்கப் வண்டி ஒன்றைக் கொண்டுபோனால் அவர் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் பொனட்டில் கை வைப்பார். “மனுசன் மெக்கானிக்கோ, பொலிஸோ?” என்று சந்தியில் கேலி பேசுவார்கள். அவர் அதற்குக் கோபித்ததில்லை. யார் சொன்னது என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்வார்.

அவருக்கு இந்தத் தொழிலை எவரும் பழக்கவில்லை. அக்கராயன் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர் அவர். நெல் ஏற்றுவதற்கென்று ஒரு பச்சைநிறப் பிக்கப்பை வாங்கிய சில மாதங்களிலேயே, பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலம் வந்தது. வன்னியில் வண்டிகள் எல்லாம் ஒரு மிடறு பெற்றோலில் உயிர்த்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. செல்வராசா தம் வண்டியைத் தாமே கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் சாக்கில் வரிசையாக அடுக்கி, கொப்பியில் வரைந்து, அளவு எழுதி, கடைசியாகக் கழற்றியதை முதலாவதாகப் பூட்டினார். இருக்கைக்குக் கீழே மண்ணெண்ணெய்க்கென்று ஒரு தாங்கி வைத்தார். ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவதற்கு, டாஷ்போட்டின் அடியில் ஒரு பித்தளைத் திருகு பூட்டினார். அவ்வாறு எழுதிய கொப்பிகள் இன்று அவரிடம் பத்தொன்பது உண்டு. அவற்றோடு, கடிதங்களும் பில்களும் கோத்து வைத்த ஒரு நீலக் கோவையும் உண்டு.

சென்ற ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீலநிறப் பிக்கப் ஒன்று கொட்டிலுக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தவன் மெல்ரொன், முல்லைத்தீவுப் பக்கம் சிலாவத்தைக் கடற்கரையில் மீன் வாங்கிக் கிளிநொச்சிக்கு ஏற்றுபவன், முப்பது வயதிருக்கும்.

“அண்ணை, வண்டி இடப்பக்கம் இழுக்குது. பின்னுக்கும் ஒரு ஸ்பிரிங் பிளேட் கூடப் போட வேணும். பெரிய ஐஸ்பெட்டி ஒண்டு வைக்கப்போறன்.”

“புத்தகம்?”

மெல்ரொன் ஒரு போட்டோப் பிரதியை நீட்டினான். உரிமையாளர்: சுசிலா மரியநேசன்.

“ஒறிஜினல் எங்கை?”

“அது அம்மாவிட்டை. அவா ஒருத்தருக்கும் குடுக்கமாட்டா.”

“ஏன் குடுக்கமாட்டா?”

“அண்ணை, ஸ்டியரிங் இழுக்குது எண்டு வந்தனான். கலியாணம் பேச வரேல்லை,” என்று மெல்ரொன் சிரித்தான்.

செல்வராசா சிரிக்கவில்லை. முல்லைத்தீவிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் எத்தனை கராஜ்கள் இருக்கின்றன! அத்தனையையும் கடந்து இவன் ஏன் இங்கே வந்தான்? வண்டியை விட்டுப் போகச் சொன்னார். அவன் போனபின் சாக்கை விரித்து வண்டியின் அடியில் படுத்தார்.

இடப்பக்கத்து முன்சில்லின் கையைத் தாங்கும் ரப்பர் வளையமான புஷ் தேய்ந்திருந்தது. அதுதான் இழுப்புக்குக் காரணம். தலையை வலப்பக்கம் திருப்பியபோது அவருடைய கை நின்றுவிட்டது. வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டமான செசியில், முன்சில்லுக்குப் பக்கத்தில், ஓர் ஒட்டு இருந்தது. ஒட்டின்மேல் சாய்சதுரமாக ஒரு தகடு. நான்கு துளைகள். தகட்டின் நடுவில் உட்புறமாக மெல்லிய குழிவு.

நேர்கோட்டில் ஒட்டிய செசி அதே கோட்டில் மறுபடியும் வெடிக்கும் என்பதைச் செல்வராசா பட்டறிந்தவர். ஆகையால் ஒட்டின்மேல் சாய்சதுரத் தகடு வைப்பார். நல்ல இரும்பு கிடைக்காத நாட்களில், உழவு மெசினின் உடைந்த கலப்பைத் தட்டிலிருந்து அதை வெட்டுவார். கலப்பைத் தட்டுக்கு இயல்பிலேயே குழிவு உண்டு. அந்தக் குழிவை நிமிர்த்தும் கருவி அவரிடம் இருந்ததில்லை. வேறெவரும் செசிக்குக் கலப்பைத் தட்டை வைத்ததாக அவர் கேள்விப்பட்டதுமில்லை.

பிடரி வலிக்கும்வரை அங்கேயே கிடந்தார். பிறகு எழுந்து டாஷ்போட்டின் அடியைத் தடவினார். நான்கு விரல் இடைவெளியில் இரண்டு துளைகள், திருகு பூட்டுவதற்குப் போட்டவை. பட்டி பூசி மூடி, மேலே நீலம் அடித்திருந்தார்கள்.

அது அவருடைய பச்சைப் பிக்கப்.

2007ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அதன் செசி முன்புறத்தில் வெடித்தது. விசுவமடுவில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே வகை வண்டியின் செசித் துண்டு ஒன்றை வாங்கி, வெடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதை ஒட்டினார். வெட்டி எடுத்த பகுதியில்தான் வண்டியின் செசி இலக்கம் அடிக்கப்பட்டிருந்தது. வாங்கிய துண்டில் வேறொரு வண்டியின் இலக்கம் இருந்தது. பலமான ஒட்டு எது என்பதைப் பற்றியே அவர் நினைத்தார். இலக்கத்தைப் பற்றி நினைக்கவில்லை. அந்நாளில் வன்னியில் யாரும் நினைத்ததில்லை. வெட்டிய துண்டை மட்டும் எறிய மனமில்லாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தார்.

2008இல் சண்டை நெருங்கி ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, கொப்பிகளையும் பில்களையும் அந்த இரும்புத் துண்டையும் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து வளவில் புதைத்தார். வண்டியை அடுத்த ஆண்டு, சண்டையின் கடைசி நாட்களில், கடற்கரை வெட்டவெளியில் விட்டுவிட்டுக் களப்புத் தண்ணீரைக் கடந்தார். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வெளியே வந்தபின், கைவிடப்பட்ட வண்டிகளைக் குவித்து வைத்திருந்த யார்ட் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். இலக்கத்தகடு இல்லை, எஞ்சினின் இலக்கம் துருவில் மறைந்திருந்தது. செசியின் இலக்கத்தைப் பார்த்த அதிகாரி, இவர் காட்டிய புத்தகப் பிரதியையும் பார்த்தார். இவருடைய புத்தகத்தில் கடைசி மூன்று எண்கள் 417. செசியில் இருந்தவை 862. துண்டு மாற்றிய கதையைச் சொன்னார். “அப்ப மற்றது ஆரின்ரை வண்டி?” என்று கேட்ட அதிகாரி, விண்ணப்பத்தின் குறுக்கே ‘பொய்யான உரிமைக்கோரல்’ என்று எழுதி முத்திரை குத்தினார். மீள்குடியேறியதும் பெட்டியைத் தோண்டி, இரும்புத் துண்டோடு மறுபடி போனார். வண்டி அங்கே இல்லை. யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல மறுத்தார்கள். அதன்பின் எழுதிய கடிதங்களும் வந்த பதில்களுமாக நீலக் கோவை நூற்றுப் பதின்மூன்று பக்கமாயிற்று. முத்திரை குத்திய தாள் நாற்பத்தோராம் பக்கம்.

மூன்று நாள் அவர் வண்டியைத் திருத்தவில்லை. அளந்தார், எழுதினார், செசி இலக்கத்தின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்தார். மெல்ரொன் போன் எடுத்தபோதெல்லாம் “புஷ் வரேல்லைத் தம்பி” என்றார். புஷ் அவருடைய அலுமாரியில் இருந்தது.

“இஞ்சாருங்கோ, வண்டியைத் திருத்துறியளோ, வாக்குமூலம் எடுக்கிறியளோ?” என்றார் மனைவி நேசமலர், தேத்தண்ணியை வைத்தபடி.

அவர் கண்டதைச் சொன்னார். நேசமலர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, கதவின் நீலத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் பச்சை தெரிந்தது.

“திருடியிருக்கிறாங்கள்.”

“இரும்புக் கடையிலை இருந்து ஆரோ பழைய புத்தகத்தை எடுத்து தங்கட பேருக்கு மாத்தியிருக்கிறாங்கள். ஒறிஜினலைப் பாத்தால் கள்ளக் கையெழுத்துத் தெரியும்,” என்றார் செல்வராசா.

“பொலிஸுக்குப் போவமோ?”

பொலிஸுக்குப் போனால் வண்டி முதலில் போய் நிற்கும் இடம் மறுபடியும் ஒரு யார்ட். வழக்கு முடிவதற்குள் ஒட்டுத் தகட்டைத் தவிர எல்லாம் துருவாகிவிடும். “முதல்லை ஒறிஜினல்,” என்றார்.

வெள்ளிக்கிழமை மெல்ரொனோடு அவனுடைய தாயும் வந்தார். சுசிலா ஐம்பத்தைந்து வயதுக்காரி. கைப்பையை வயிற்றோடு அணைத்திருந்தார். நேசமலர் போட்ட கதிரையை, வண்டி கண்ணில் படும்படி திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

“ஒறிஜினல் இல்லாமல் வண்டி திருத்தேலாதோ, அண்ணை?”

“மற்ற வண்டியளைத் திருத்தலாம், தங்கச்சி. இதைத் திருத்தேலாது.”

சுசிலா புத்தகத்தை எடுத்தார். கையில் கொடுக்கவில்லை, இரு கையாலும் விரித்துப் பிடித்தார். செல்வராசா குனிந்து வாசித்தார். பழைய தாள், பழைய மை, நாள்பட்ட தண்ணீர்க் கறை. 1986இல் கணவர் மரியநேசனின் பெயர். அவர் இறந்தபின் முறைப்படி சுசிலாவின் பெயர். செசி இலக்கம் 862இல் முடிந்தது. கள்ளம் எதுவும் இல்லை. மூன்று நாளாக அவர் கட்டிய வழக்கின் அடித்தளம் கழன்று விழுந்தது.

அவர் ஏழாவது கொப்பியை விரித்துக் காட்டினார். செசி முன்துண்டு, வலப்பக்கம், விசுவமடு. கீழே அந்த முழு இலக்கமும் இருந்தது.

சுசிலாவின் முகம் மாறியது. “எங்கட நம்பர் உங்கட கொப்பியிலை என்னண்டு வந்தது? எங்கட வண்டியை வெட்டினது நீங்களோ?”

“வெட்டிக் கிடந்ததை வாங்கினனான்.”

“அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவினம். பில் கிடக்கோ?”

இத்தனை காலத்தில் அவரிடம் முதல் தடவையாக ஒருவர் ஆவணம் கேட்கிறார். செல்வராசா கோவையின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். சுசிலா அந்தப் பில்லை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, நீளமாக மூச்சு விட்டு, தம் பக்கத்துக் கதையைச் சொன்னார்.

அவர்களுடைய பிக்கப் வெள்ளைநிறம். 2006 கடைசியில், சாமான் ஏற்றவேண்டும் என்று சிலர் கேட்டு வாங்கிப்போனார்கள், திருப்பித் தரவில்லை. யார்டுக்கு அவர் புத்தகத்தோடு போனது 2011 தொடக்கத்தில். அதிகாரி ஒருவர் வண்டிகளுக்கு அடியில் புகுந்து இலக்கங்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். 862 என்று கூப்பிட்டபோது இவர் கை உயர்த்தினார்.

“பச்சை எண்டு தெரிஞ்சும் எடுத்தனியளோ?”

“நிறம் வேறை எண்டு சொன்னனான். நிறம் பூசலாம், நம்பர் சரியெண்டால் சைன் வையுங்கோ எண்டாங்கள்.”

“அப்ப, நீலம் ஏன் அடிச்சனியள்?”

மெல்ரொன் வாய் திறந்தான். “நீ கதைக்காதை,” என்று தாய் அடக்கினார். பிறகு வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பயத்திலைதான். ஆரோ ஒருத்தர் ஒருநாள் பச்சையைத் தேடி வருவினம் எண்டு. நாயள் குலைச்சாலும் எழும்பிப் பாப்பன். இவன் என்ன செய்தான்? தானாக் கொண்டுவந்து உங்கட வாசலிலை விட்டிட்டான்.”

“பழைய பிக்கப்புக்கு இவர்தான் எண்டு எல்லாரும் சொன்னவை,” என்றான் மெல்ரொன், நிலத்தைப் பார்த்தபடி.

செல்வராசா எண்ணெய்த் துணியைப் பிரித்து இரும்புத் துண்டை மேசையில் வைத்தார். துரு ஏறாத 417. இந்த இரும்பையும் அந்த ஒட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வண்டி தம்முடையது என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவலாம். ஆனால் இலக்கம் அவர்களுடையது. இலக்கம் உள்ள இரும்பு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு இவருக்கு விற்கப்பட்டது. நடுவில் நிற்கும் வண்டியை எந்த அலுவலகம் எப்படிப் பிரிக்கும்? பிரிக்காது. யார்டில் நிறுத்தும். அதை அவர் ஒருமுறை பார்த்தாயிற்று.

கோவையின் நாற்பத்தோராம் பக்கத்தைச் சுசிலாவின் முன் வைத்தார்.

“இதைப் பாருங்கோ. நான் பொய் சொன்னனான் எண்டு முத்திரை குத்தி வைச்சிருக்கு. வண்டி உங்களோடை நிக்கட்டும். அது என்ரை வண்டிதான், நான் சொன்ன கதை உண்மைதான் எண்டு உங்கட கையாலை எழுதித் தாங்கோ.”

“எழுதித் தந்தால் அதையே காட்டி வண்டியைக் கேப்பியள்.”

“கேக்கமாட்டன் எண்டு நானும் எழுதித் தாறன்.”

“அந்த இரும்பு?”

“அது என்ரை.”

“அது இஞ்சை கிடக்கிறவரைக்கும் நான் நித்திரை கொள்ளமாட்டன்.”

நேசமலர் கணவரைப் பார்த்தார். செல்வராசா இரும்பைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு அதன்மேல் தாள் வைத்து, பென்சிலால் தேய்த்து, 417 தெளிவாகப் பதிந்ததை உறுதிசெய்துகொண்டு, இரும்பைச் சுசிலாவின் பக்கம் தள்ளினார்.

இருவரும் மேசையின் இரு தலைப்பில் இருந்து எழுதினார்கள். மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் விரல் வைத்து வாசித்தார். சுசிலா ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னார்; செல்வராசா இரண்டு சொற்களைத் திருத்தச் சொன்னார். மெல்ரொனும் நேசமலரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். “கலியாண எழுத்துக்கூட இவ்வளவு நேரம் எடுக்காது,” என்று மெல்ரொன் முணுமுணுத்தான்.

அதன்பின் செல்வராசா அலுமாரியிலிருந்து புஷ்ஷை எடுத்தார். மதியத்துக்குள் அதை மாற்றி, பின்னால் ஒரு பிளேட் கூட்டி, ஒட்டுத் தகட்டை வயர்பிரஷால் துடைத்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தார். அத்தனையையும் ஏழாவது கொப்பியில், பச்சைப் பிக்கப்பின் கடைசிக் குறிப்புக்குக் கீழே எழுதினார். வண்டி நேராக வெளியேறியது. சுசிலாவின் கைப்பை இரும்பின் பாரத்தில் தொங்கிற்று.

படலையைத் தாண்டியதும் வண்டி நின்றது. மெல்ரொன் இறங்கி, செல்வராசா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு திரும்பி வந்தான்.

“அண்ணை, நீங்கள் திகதி போடேல்லையாம். மறந்தனியளோ, வேணுமெண்டு விட்டனியளோ எண்டு அம்மா கேக்கிறா.”

செல்வராசா தாளை வாங்கினார். முப்பது ஆண்டுகளாகத் திகதி இல்லாமல் அவர் ஒரு வரி எழுதியதில்லை. மறந்ததா, வேண்டுமென்று விட்டதா என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. திகதியை எழுதி, அதன் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். பிறகு கோவையைத் திறந்து, சுசிலாவின் கடிதத்தில் திகதி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. நூற்றுப் பதினான்காம் பக்கம் என்று மூலையில் குறித்தார்.