துணைக்குப் போனவளுக்குத் துணை

கல்முனையில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்: "ஹஸ்பண்ட் வெயார்?"

கணவன் இல்லையாம். வாப்பா, கூடப்பிறந்த நானா, தம்பி என்று யாருமே வரவில்லையாம். ஊர் பார்க்கத் தனியாகப் பொத்துவிலுக்குப் போகிறாளாம்!

"பாவம், தனிய உட்றாதீங்க புள்ள" என்றார் முன் சீட்டு உம்மா. அக்கரைப்பற்றில் தங்கை வீட்டுக்கு இறங்க வேண்டிய நான், இறங்காமல் பொத்துவில் வரை போய், அவளை விடுதியில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தால் கடைசி பஸ் போய்விட்டது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் வேறு நெருங்குகிறது. போனில் கணவர் கத்தினார்: "பொத்துவிலுக்குத் தனியவா போன நீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. விடுதிக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் அவள் கேட்டாள்: "ஹஸ்பண்ட் வெயார்?"

பிறகு ஓட்டோ பிடித்து, தானும் ஏறி, கல்முனையில் என் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். அவளைத் தனியாகத் திருப்பி அனுப்ப மனம் வருமா? இரவு எங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, காலையில் நானும் கணவருமாகப் போய் விட்டுவந்தோம்.

இப்போதும் அப்படித் தனியாக யாரையாவது கண்டால் கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஆனால் கணவனை விசாரிக்குமுன், கண்டக்டரிடம் கடைசி பஸ்ஸை விசாரித்துவிடுகிறேன்.