டுஃபி ஆன்ட்டியின் சான்றிதழ்

வண்டிப் பட்டறைகள் நிறைந்த சுவாமே மேகசின் பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் பெண்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். வெல்டிங் சத்தத்துக்கும் லாரி ஹாரனுக்கும் மேலே பேசிப் பேசிப் பழகினால் அப்படித்தான் ஆகும். ஆனாலும் குமாசி நகரம் முழுக்கச் சல்லடை போட்டாலும் டுஃபிக்கு ஈடாக ஒருத்தி கிடைக்க மாட்டாள். கியர்பாக்ஸுக்கு விலை குறைத்துக் கேட்ட ஒரு போதகரிடம், "பாஸ்டர், ஆறு நாள்ல உலகத்தைச் செஞ்சது உங்க முதலாளி, சரி. இதைச் செஞ்சது ஜப்பான்காரன். குறைக்கணும்னா அங்க போய் ஜெபம் பண்ணுங்க" என்று சொன்னவள் அவள். போதகர் அவள் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அதே போதகரின் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து டுஃபி பாட்டும் பாடினாள்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயதானபோது கடைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. கம்ப்யூட்டர் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து, ஆறே மாதத்தில் ஆளை டெவலப்பராக்கி வெளியே அனுப்புவார்களாம். அந்த டெவலப்பர்கள் ஆப்பிரிக்காவைத் தூக்கி நிறுத்துவார்களாம். சுவரில் பெரிய ஆப்பிரிக்கா படம் மாட்டி அதில் குட்டி குட்டி பல்பு வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் பல்பு அணைந்துவிடக் கூடாது என்று ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதை டுஃபியின் கடை வாசலில் வைத்தார்கள்.

இரண்டு நாள் புகையை விழுங்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் சேலையைச் சொருகுகிற மாதிரி இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஆசிரியர், "பத்தாயிரம் பேர் இருக்கிற லிஸ்ட்ல ஒரு பேரைச் சீக்கிரமா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். இருபது பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவோரம் நின்ற டுஃபிக்குப் பொறுக்கவில்லை. "முதல்ல எல்லாத்தையும் வரிசையா அடுக்கணும். அப்புறம் நட்டநடுவுல போய் நின்னு பாக்கணும். நமக்கு வேண்டியது அதுக்கு முந்தியா பிந்தியான்னு தெரிஞ்சிரும். வேண்டாத பாதியைத் திரும்பியே பாக்கக் கூடாது. மிச்சப் பாதியில மறுபடி நடுவுல நிக்கணும். என் கடையில ஒரு நட்டு எடுக்கிற வேலை இது. இதுக்கு எதுக்குய்யா ஏசி? கீழ வந்து ஜெனரேட்டரை நகத்துங்க."

ஆசிரியர் கையிலிருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் மூன்று மணி நேரம் நடத்துவதாக இருந்த பாடம் அதுதான்.

ஜெனரேட்டர் நகரவில்லை. அதனால் டுஃபி தினமும் சண்டை போட மாடிக்குப் போனாள். வகுப்பு முடியும்வரை கதவோரம் காத்திருப்பாள். காத்திருந்த நேரத்தில் பாடம் காதில் விழுந்தது. மூன்றாவது வாரம் ஒரு மாணவன் எழுதிய நிரலில் எங்கே தப்பு என்று கதவோரத்திலிருந்தே சொன்னாள். இயக்குநர் டாக்டர் அடோமாக்கோ கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜெனரேட்டருக்கு வேறு இடம் தேடுவதைவிட இந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுவது சுலபம். போட்டார். காலையில் கடை, மத்தியானம் வகுப்பு. இரண்டு வருஷத்தில் அவளே கரும்பலகைக்கு முன்னால் நின்றாள்.

எட்டு வருஷம் நின்றாள். இருநூற்று அறுபது பேரை டெவலப்பராக்கினாள். அவள் பாடம் நடத்துகிற அழகைச் சொல்ல வேண்டும். ஒருவன் எழுதிய நிரலைப் படித்துவிட்டு, "இது ப்ரோக்ராம் இல்ல. ப்ரோக்ராமுக்கு வந்த வயித்துப்போக்கு" என்பாள். சோதித்துப் பார்க்காமல் கொண்டுவந்தால் பக்கத்தில் வரவிட மாட்டாள். "பிரேக்கைப் பாக்காம வண்டியை மலையில இருந்து விடுவியா? உன் ஆத்தா அதுல உக்காந்திருந்தா விடுவியா? போ, டெஸ்ட் எழுதிட்டு வா." அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. போனவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

படித்து முடித்தவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். ஒருத்தன் டென்மார்க்கில் நாய்களுக்கு மழைக்கோட்டு விற்கும் கடைக்கு நிரல் எழுதினான். ஆப்பிரிக்கா படத்தைக் காட்டி டாக்டர் அடோமாக்கோ பேசும்போதெல்லாம் டுஃபி பின்வரிசையிலிருந்து, "நனையாம இருக்கு நாயி. அந்த மட்டுக்கும் முன்னேற்றம்தான்" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்குப் பணம் கொடுக்கிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் அடோமாக்கோ அவளை அறைக்குக் கூப்பிட்டார். சோபோலோ குடிக்கிறீர்களா என்று கேட்டார். அவர் சோபோலோ கேட்டால் ஏதோ விவகாரம் என்று அர்த்தம்.

"மேடம் டுஃபி, இனிமே சொல்லிக்கொடுக்கிற எல்லார்கிட்டயும் சான்றிதழ் இருக்கணுமாம். உங்ககிட்ட..."

"என்கிட்ட கடை லைசென்ஸ் இருக்கு."

"அது போதாது. நம்ம கோர்ஸ்லயே சேர்ந்து முடிச்சிட்டா அந்தச் சான்றிதழே போதும்னு கேட்டு வாங்கிட்டேன். ஆறு மாசம்தான்."

"நான் நடத்துற கோர்ஸ்லயா?"

"நீங்க நடத்த முடியாது. நீங்க மாணவி. அதனால நியார்கோ நடத்துவாரு."

நியார்கோ. நான்கு வருஷத்துக்கு முன் அவளிடம் படித்தவன். எந்நேரமும் வெள்ளை ஷூ. சேற்றுச் சந்துக்குள் வர மாட்டான், வாசலில் டாக்ஸி வந்து நின்றால்தான் இறங்குவான். அவன் எழுதிய முதல் நிரலை அவள் அச்சடித்து அதில் வறுத்த வாழைப்பழம் மடித்துச் சாப்பிட்டிருக்கிறாள், அவன் கண்முன்னாலேயே.

சோபோலோவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

போகாமல் இருந்திருக்கலாம். கடை இருந்தது, வருமானம் இருந்தது. வீட்டுக்காரர் கூட, "விட்டுத் தள்ளு, அவங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். ஆனால் திங்கட்கிழமை கடையைத் திறந்து உட்கார்ந்தால் மேலேயிருந்து வகுப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ தப்பாகச் சொல்கிறார்கள், யாரும் திட்டவில்லை. அவளால் தாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில்.

"குட் மார்னிங், ஆன்ட்டி" என்றான் நியார்கோ.

"குட் மார்னிங், சார்." அந்த 'சார்' என்ற சொல்லை மீன்முள் மாதிரி கவனமாக வெளியே எடுத்தாள்.

அடுத்த சில மாதம் இரண்டு பேருக்கும் கஷ்டகாலம். அவன் ஒரு வரி எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் புருவத்தை உயர்த்தினால் அழிப்பான். ஒருநாள் அவள் உயர்த்தியது தூசி விழுந்ததால். அவன் சரியாக எழுதியதையும் அழித்துவிட்டான். புன்னகையோடு பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அக்ராவிலிருந்து ஒரு அம்மா வந்தார். டுஃபியைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். அந்த அம்மா குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, வேறு ஆளைக் கூப்பிட்டார்.

கடைசியில் செய்முறைத் திட்டம். சமூகத்துக்குப் பயன்படுகிற மாதிரி ஆளுக்கு ஒரு நிரல் செய்து, மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன் காட்ட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் விவசாயிக்கு மழை சொல்லும் நிரல் செய்தார்கள். ஒன்பது பேர், ஒன்பது மழை. ஒரே ஊருக்கு ஒன்பதும் ஒன்பது விதமாகச் சொன்னது.

டுஃபி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மேகசினில் எந்தச் சாமானுக்கும் கம்பெனி வைத்த பெயர் கிடையாது. ஃபிட்டர்கள் வைத்ததுதான் பெயர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு 'பிஷப் தொப்பி'. ஒரு ரக ஹெட்லைட்டுக்கு 'அழுமூஞ்சி'. ஓயாமல் முனகுகிற கியர்பாக்ஸ் தாங்கிக்கு 'மாமியார்'. கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடுகிற எந்த நிரலும் இங்கே வாயடைத்துப் போகும். டுஃபி இரண்டு மாதம் சந்து சந்தாக அலைந்து ஆயிரத்து நூற்று நாற்பது பெயர் சேகரித்தாள். போனில் 'அழுமூஞ்சி' என்று சொன்னால் போதும். சேர்ந்திருந்த பதினோரு கடையில் எதில் கிடக்கிறது என்று அது அந்த ஊர் ட்வி பாஷையில் பதில் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத ஃபிட்டர்களும் அதோடு பேசினார்கள். அவர்களில் பெரிய கை மாஸ்டர் சலிஃபு. இஞ்சினைக் காதாலேயே பிரித்துப் பார்க்கிற மனிதர். கிரீஸ் விரலால் போனைத் தட்டிவிட்டு, "பேசுது. உன்னைவிட மரியாதையா பேசுது" என்றார்.

குழுவில் டாக்டர் அடோமாக்கோ, பணம் கொடுக்கிறவர்கள் சார்பில் கோட்டுப் போட்ட ஒருவர், மூன்றாவதாக நியார்கோ.

கோட்டுக்காரர் கேட்டார்: "இது எத்தனை பேருடைய வாழ்க்கையை மாத்தும்?"

"பதினோரு கடை."

"இல்லை, நான் கேக்கிறது, கண்டம் முழுக்க..."

"கண்டம் முழுக்க எனக்குக் கடை இல்லீங்க."

டாக்டர் அடோமாக்கோ தண்ணீர் குடித்தார். அப்போது நியார்கோ போனை வாங்கி, மெல்ல, "மாமியார்" என்றான். நிரல் நான்காவது சந்தில் உள்ள கடையைச் சொன்னது.

"ஆன்ட்டி, நான் லாரி ஃபிட்டர். எனக்கு மாமியார் வேணும். இந்தக் கடையில கிடைக்குமா?"

லாரிக்காரர்கள் சந்தில் 'மாமியார்' என்றால் கியர்பாக்ஸ் தாங்கி கிடையாது. ரேடியேட்டர் விசிறி. அது அவளுக்கும் தெரியும், பதினாறு வருஷமாகத் தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

"இந்த மாதிரி ரெண்டு சந்துல ரெண்டு அர்த்தம் இருக்கிற பேரு முப்பத்தேழு இருக்கு. எல்லாத்துக்கும் தப்பான கடையைத்தான் சொல்லுது." அவன் நிமிர்ந்து பார்த்தான். "டெஸ்ட் எங்க ஆன்ட்டி?"

டெஸ்ட் இல்லை. எட்டு வருஷம் இருநூற்று அறுபது பேரை எதற்காக அழவைத்தாளோ, அதை அவள் எழுதவே இல்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"ஃபெயில்" என்றான் நியார்கோ. சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே காலை இழுத்துக்கொண்டான்.

டாக்டர் அடோமாக்கோ அவன் காதில் ஏதோ முணுமுணுத்தார். நியார்கோ தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. கோட்டுக்காரர் எழுதிக்கொண்டார்.

டுஃபி யாரையும் திட்டாமல் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. கீழே வந்து, கடையில் உட்கார்ந்து, பயறு போட்டு வேகவைத்த வாச்சே சோறு ஒரு தட்டு வாங்கினாள். முட்டையை மட்டும் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வெள்ளை ஷூவைப் பற்றி, அதைப் பெற்றவர்களைப் பற்றி, தைத்தவனைப் பற்றி. கேட்க ஒரு கூட்டமே நின்றது.

மாஸ்டர் சலிஃபு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாரைச் சொல்ற? வெள்ளை ஷூ போட்ட ஒல்லிப் பையனையா?"

"அவனேதான்."

"அவன் போன வாரம் ரெண்டு நாள் இங்கதான கிடந்தான். ஒவ்வொரு சந்தா போய், இதுக்கு என்ன பேரு, அதுக்கு என்ன பேருன்னு எழுதிக்கிட்டே இருந்தான். ஷூ கறுப்பாயிடுச்சு. ஒரு லாரிக்காரன் ஏதோ தொழில் ரகசியம் திருட வந்தவன்னு நெனச்சு ஸ்பேனரைத் தூக்கிட்டான். நான்தான் விலக்கிவிட்டேன்."

டுஃபி திட்டுவதை நிறுத்தினாள்.

"எதுக்காம்?"

"நானும் கேட்டேன். எங்க டீச்சர் ஒண்ணு செஞ்சிருக்காங்க, அது சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும், அவங்க அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்கன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

கூட்டம் அடுத்த வசவுக்குக் காத்திருந்தது. வரவில்லை. கலைந்துவிட்டது. டுஃபி தள்ளிவைத்த தட்டை இழுத்து, ஆறிப்போன வாச்சேயைச் சாப்பிட்டு முடித்தாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மிளகாய்த் தொக்கின் மேல் பழியைப் போட்டாள்.

மறுநாள் மாடிக்குப் போனாள். நியார்கோ அவளைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"உக்காருடா... உக்காருங்க சார். அந்த முப்பத்தேழு லிஸ்டைக் கொடுங்க."

கொடுத்தான். அழகான கையெழுத்து. அவள் படித்துவிட்டு, "முப்பத்தெட்டு" என்றாள். "'கன்னியாஸ்திரி'யை விட்டுட்ட. அதுக்கு மூணு சந்துல மூணு அர்த்தம், மூணாவதை உன்கிட்ட சொல்ல வெக்கப்பட்டிருப்பாங்க."

ஐந்து வாரம் உட்கார்ந்து திருத்தினாள். எந்தச் சந்திலிருந்து கேட்கிறீர்கள் என்று நிரல் முதலில் கேட்டுக்கொள்கிற மாதிரி செய்தாள். முப்பத்தெட்டுக்கும் டெஸ்ட் எழுதினாள். ஒவ்வொன்றையும் எழுதும்போது முனகிக்கொண்டேதான் எழுதினாள். இரண்டாம் முறை தேறினாள். நூற்றுக்கு எழுபத்து நான்கு. புன்னகையில்தான் மதிப்பெண் போனது. சான்றிதழில் 'திரு. டுஃபி' என்று அச்சாகி வந்தது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், இப்படியே இருந்தால் சம்பளம் கூடும் என்றாள்.

நிரலைப் பதினோரு கடையோடு விடவில்லை. சந்து சந்தாக மற்றவர்களும் கேட்டு வந்தார்கள். ஒரு வருஷத்தில் இருநூறு கடைக்குப் போனது. டாக்டர் அடோமாக்கோ அதைத் தன் அறிக்கையில் பத்துப் பக்கம் எழுதினார். டுஃபி பெயர் எட்டாம் பக்கம் அடிக்குறிப்பில் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து, மசகு எண்ணெய் டப்பாவுக்கு மூடியாகச் செருகி வைத்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தாள். புதிய மாணவர்கள் முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. கீழே சந்துகளில் நின்று, வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். நியார்கோ அதை ஆதரித்தான். மழைக்காலத்துக்குப் பிறகு வந்த முதல் வகுப்பை இரண்டு பேரும் சேர்ந்தே இறக்கிக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், புதுப் பைகள், கழுத்தில் அட்டைகள். ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"ஆன்ட்டி, லேப்டாப்பை எங்க சார்ஜ் போடுறது?"

"வெல்டர்கிட்ட கேளு" என்றாள் டுஃபி. "முதல்ல அவர் பேரைக் கேளு. அப்புறம் வேலையைக் கேளு. சார்ஜை மெதுவா கேட்டுக்கலாம்."

அந்தப் பெண் நியார்கோவைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, லாரிக்காரர்கள் சந்துக்குள் சேற்றில் இறங்கியிருந்தான்.