ஃபைலை நகர்த்தினீங்களா?

தீவு நகரமான நௌசோரியின் சந்தைக்குப் பின்னால், ரொட்டிக் கடை மாடியில் இருந்தது இனோக்கேயின் அறை. கல்யாணம், பிறந்தநாள், தேவாலயப் பாட்டுப் போட்டி என்று அந்த வட்டாரத்தில் யார் எதைப் படம்பிடித்தாலும், கடைசியில் அழுத முகத்தோடு அவன் மேசைக்குத்தான் வருவார்கள். வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருள் முரண்டு பிடித்தால் அவனை விட்டால் ஆளில்லை. அந்தத் திமிர் அவனுக்கும் கொஞ்சம் உண்டு. வந்தவரை உட்காரச் சொல்லமாட்டான், கேள்வியை முதலில் போடுவான்.

"ஃபைலை நகர்த்தினீங்களா?"

இல்லவே இல்லை என்பார்கள். நகர்த்தியிருப்பார்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஜக்தீஷ் ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். திரை முழுக்கச் சிவப்பு. மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. 'கோப்பு காணவில்லை' என்ற அறிவிப்பு மட்டும் வரிசையாக நின்றது.

"வைரஸ் தம்பி, வைரஸ்!"

"வைரஸ் இல்லண்ணே, நீங்கதான். எல்லாத்தையும் தூக்கி வேற ஃபோல்டர்ல போட்டீங்களா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"வீட்ட மாத்திட்டு தபால்காரன்கிட்ட சொல்லல. அவன் பழைய வாசல்ல நின்னு கத்திட்டு இருக்கான். இந்தா, ஒரே ஒரு ஃபைல் இப்ப எங்க இருக்குன்னு காட்டுங்க. மத்தது தானா வரும்."

காட்டினார். மாப்பிள்ளை, பெண், சமையல்காரர் உட்பட அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். ஜக்தீஷ் கைகூப்பினார். "ரெண்டாவது காப்பி ஒண்ணு எப்பவும் வேற இடத்துல வெச்சுக்கங்கண்ணே" என்று இனோக்கே உபதேசமும் செய்து அனுப்பினான். இந்த உபதேசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனால் சகிக்க முடியாத விஷயம் ஒன்றுண்டு, உதடும் சத்தமும் ஒட்டாமல் போவது. ஒருமுறை போதகரின் பிரசங்கத்தை யாரோ போனில் எடுத்துப் பெரிய திரையில் போட்டார்கள். அவர் வாயை மூடிய பிறகு அல்லேலூயா வந்தது. சபை உருகிக் கண்ணீர் விட்டது. இனோக்கே மட்டும் வயிற்றுவலிக்காரனைப் போல நெளிந்தான். மறுநாளே போய்ச் சரிசெய்து கொடுத்தான்.

"போன் ஒரு சோம்பேறி ஐயா. நொடிக்கு இத்தனை படம்னு ஒழுங்கா எடுக்காது, தோணினபடி எடுக்கும். மொதல்ல எல்லாத்தையும் ஒரே வேகத்துக்கு மாத்தணும். அப்புறந்தான் வெட்டணும்."

"ஆனா யாருமே கவனிக்கலையேப்பா" என்றார் போதகர்.

"நான் கவனிச்சேனே" என்றான் இனோக்கே.

இப்படி ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன், தன் வீட்டு வீடியோவை மட்டும் தொடவில்லை. அப்பா ஏமோசி இறந்தபோது சடங்கு முழுவதையும் அவனே படம்பிடித்தான். அன்று மாலையே காட்சிகளை வரிசையாக அடுக்கினான். அப்பாவின் முகம் திரையில் வந்ததும் மூடிவைத்தவன்தான், பிறகு திறக்கவே இல்லை. கேட்டால் வேலை அதிகம் என்றான்.

அக்கா வாசித்தி பிரிஸ்பேனில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். விசா சிக்கலால் அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவள் இடத்தில் அத்தை பையன் பெனி நின்று, இறந்தவருக்கு மரியாதையாக வைக்கும் திமிங்கிலப் பல்லை அவள் பெயரைச் சொல்லிப் படைத்தான். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்தத் தீவில் வழக்கமில்லை. அதனால் அவள் சேதியும் பெனி வாயிலாகத்தான் வந்தது.

"நூறாவது நாள் எல்லாரும் கூடுவோம்ல, அப்ப அடக்க வீடியோவ போன்ல நம்மளோட சேர்ந்து அவளும் பார்க்கணுமாம். மத்தது இல்லாட்டியும் பரவாயில்லையாம். அவ பேர்ல பல்லு வெச்சோமே, அது மட்டும் வேணுமாம். அப்பாவுக்கு அவளும் வந்த மாதிரி இருக்கும்னு சொல்லி அழுறா மச்சான்."

நூறாவது நாள் துக்கம் அவிழ்கிற நாள். அதுவரை ஆளுக்கொன்றை விலக்கி வைத்திருப்பார்கள். இனோக்கே காவா என்ற வேர்ப்பானம் குடிப்பதை விட்டிருந்தான். பெனி முடி வெட்டுவதை விட்டிருந்தான், தலை காய்கறிக் கூடை அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த நாள் நெருங்கிய வாரத்தில்தான் இனோக்கே மனதைத் திடப்படுத்திக்கொண்டு கணினியைத் திறந்தான்.

திரை முழுக்கச் சிவப்பு.

அப்போதுதான் உறைத்தது. காட்சிகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எப்போதோ பெனி எடுத்துப் போயிருந்தான். தாய்மாமன் வீட்டில் மருமகன் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது, அது அந்த ஊர் முறை. கேட்காமல் எடுத்தாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. மாமாவின் மீன் ஈட்டி போயிற்று, மழைக்கோட்டு போயிற்று, கடைசியில் டிஸ்க்கும் போயிற்று. இனோக்கேதான் பையில் போட்டுக் கொடுத்தான். இரண்டாவது காப்பியா? அதெல்லாம் ஜக்தீஷுக்குச் சொன்ன உபதேசம்.

பெனி வீட்டு வாசலில் காவாச் சட்டியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மச்சான், ஒரு கிண்ணம் குடி. ஐயோ, நீதான் விரதமாச்சே!"

"வாய மூடு. டிஸ்க்க எடு."

"அதுக்கு ஏன்டா மூஞ்சி இப்படி? தேங்கா துருவுற மாதிரி வெச்சிருக்க."

டிஸ்க் தொலைக்காட்சிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. உள்ளே ரக்பி ஆட்டங்கள் நிரம்பி வழிந்தன. இனோக்கே அடுக்கி வைத்த ஃபோல்டர்கள் எதையும் காணோம். அவற்றிலிருந்த காட்சிகள் எல்லாம் 'மாமா' என்ற ஒரே ஃபோல்டருக்குள் கிடந்தன.

"எதுக்குடா மாத்துன?"

பெனி தலையைச் சொறிந்தான். அந்தக் காட்டுக்குள் விரல் மறைந்து போயிற்று. "ஞாயித்துக்கிழமையானா இதப் பார்ப்போம். அம்மாவுக்குத் தேடித் தேடிப் போடக் கஷ்டமா இருந்துச்சு."

திட்ட வந்த இனோக்கே அப்படியே உட்கார்ந்துவிட்டான். தான் திறக்கப் பயந்ததை அத்தை வாராவாரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்பது அவனைச் சுட்டது. அங்கேயே மடிக்கணினியை விரித்து ஒரு கோப்பைக் காட்டினான். மற்றவை ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. சிவப்பு மறைந்தது, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. அது திமிங்கிலப் பல் காட்சி.

"எங்கடா அது?"

"அத அப்பவே அவளுக்கு அனுப்பிட்டேனே! போன்ல இடம் இல்லன்னு அப்புறம் அழிச்சிட்டேன்."

"டிஸ்க்ல இருந்தது?"

"போனுக்கு மாத்தினேன்... 'காப்பி'யும் 'கட்'டும் பக்கத்துல பக்கத்துலதானேடா இருக்கு!"

சட்டியைச் சுற்றியிருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். இனோக்கே சிரிக்கவில்லை. "அவகிட்ட இருக்கா, கேளு."

பெனி பிரிஸ்பேனுக்குக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இருக்காம். இன்னும் திறக்கவே இல்லையாம். தனியாப் பார்க்கத் தைரியம் வரலையாம்."

அக்காவும் தானும் அந்த விஷயத்தில் ஒரே மாதிரி என்று இனோக்கேக்கு அன்றுதான் தெரிந்தது.

காட்சி திரும்பி வந்தது. போன் வழியாகப் போய் வந்ததில் மங்கியிருந்தது, சத்தம் வேறு நழுவியிருந்தது. மங்கலை விட்டுவிட்டான். சத்தத்தை மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து உதட்டோடு பொருத்தினான். வெட்டும்போது அழுதான், துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினான்.

நூறாவது நாள் தேவாலயக் கூடம் நிறைந்திருந்தது. பெனி முடி வெட்டி வேற்றாள் போல வந்து நின்றான். பாயின் நடுவே தலையணையில் சாய்த்து வைத்த போனில் வாசித்தியின் முகம். படம் ஓடியது. திரையில் பெனி மண்டியிட்டுப் பல்லை உயர்த்தி, பிரிஸ்பேனில் இருக்கும் மகள் வாசித்தியின் பெயரால் என்றான். பெரியவர்கள் அதை ஏற்று உள்ளங்கை குவித்துக் கைதட்டினார்கள். கையும் சத்தமும் இம்மி பிசகவில்லை. இனோக்கேக்கே திருப்தி.

திரையில் கைதட்டல் ஓய்ந்தது. கூடத்தில் சத்தமே இல்லை. பிறகு, எல்லாம் முடிந்தபின், போனிலிருந்து வந்தது குவித்த கையின் அதே சத்தம். அங்கே ஒற்றை அறையில் உட்கார்ந்து வாசித்தி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

பெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இனோக்கேயை இடித்தான். "மச்சான், சத்தம் பிந்தி வருதுடா."

"வரட்டும்" என்றான் இனோக்கே.