வெள்ளையடித்த வீட்டுக்குக் கந்தாயம்

வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்ததைக்கூட ஒரு மாதிரி மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டைக் கழுவியதைத்தான் மறக்க முடியவில்லை.

பெங்களூர் ஈஜிபுராவில் எங்களுக்கு இரண்டு ரூம் வைத்த ஷீட் வீடு. முன் ரூமில் என் வீட்டுக்காரர் தையல் மெஷின் போட்டிருந்தார். சிவாஜிநகர் கடைக்காரர்கள் வெட்டிக் கொடுக்கிற துணியைக் கொண்டுவந்து தைத்துக் கொடுப்பார். மோட்டார் வைத்த மெஷின். அது ஓடினால் அடுப்பு எரியும்.

ஒரு மழைக்காலத்தில் தெருக்கோடியில் இருந்த காலுவே உடைத்துக்கொண்டது. காலுவே என்றால் மழைத்தண்ணீர் போகிற கால்வாய். பேருக்குத்தான் மழைத்தண்ணீர், ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான் ஓடும். இடுப்பு உயரத்துக்கு உள்ளே வந்து, ஒரு பகல் முழுக்க நின்று, பிறகு வடிந்தது. மெஷினுக்குள் சேறு போய் மோட்டார் செத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் கேட்ட தொகையும் அந்த வருஷம் நாங்கள் கட்ட வேண்டிய கந்தாயமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. வீட்டு வரியை பெங்களூரில் நாங்கள் கந்தாயம் என்றுதான் சொல்வோம். கந்தாயத்துக்கென்று பரண் மேல் டப்பாவில் வைத்திருந்த பணம் மட்டும் நனையாமல் இருந்தது. அதைக் கொண்டு ஒன்று மெஷினை ஓட்டலாம், இல்லை கந்தாயம் கட்டலாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு கவர்மெண்டு ஆர்டர் வந்தது. தண்ணீர் புகுந்து நஷ்டப்பட்ட வீடுகளுக்கு அந்த வருஷக் கந்தாயம் கிடையாது என்றார்கள். ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவர் நேரில் வந்து பார்த்து நஷ்டம் உண்டு என்று எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பொழுதைப் போக்கி, வரி ஆபீஸ் வாசலில் ஒருவரைப் பிடித்துக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்:

"சனிக்கெழம ஆபீசர் வர்றாரு. பெரிய மனுஷங்க, இந்த நாத்தத்துல எப்டி உக்காருவாங்க? மானம் போவாம பாத்துக்கோ."

சொன்னது அவர்தான். பிறகு, சொல்லவே இல்லை என்றார்.

மூன்று நாள் கழுவினேன். ஊறிப்போன மெத்தை, பாய், புழுத்த அரிசி எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றினேன். தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சுவரில் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு நின்றது. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து மூன்று பூச்சு அடித்தும் அந்தக் கோடு தெரிந்தது. நாலாவது பூச்சில் போய்விட்டது. துருப்பிடிக்க ஆரம்பித்த மெஷின் மட்டும் கண்ணை உறுத்தியது. பெட்டிக்குள் மேலே இருந்ததால் தப்பித்த பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து அதை மூடினேன். அதன் மேல் ஒரு தட்டு, இரண்டு டம்ளர். பார்ப்பதற்கு மேஜை மாதிரியே இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் என்ன.

ஆபீசர் வந்தார். நல்ல மாதிரிதான். நாற்காலியில் உட்கார்ந்து, காபியை வாங்கிக்கொண்டு, கன்னடத்தில், எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"தேவர தயெ, ஏனு கொறத்தெ இல்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். கடவுள் புண்ணியம், ஒரு குறையும் இல்லை. யார் கேட்டாலும் நாங்கள் சொல்வது அதுதான். வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே அழுவார்களா?

தண்ணீர் எதுவரை வந்தது என்று ஆபீசர் கேட்டார். இவர் சுவரில் கை வைத்துக் காட்டினார். கை வைத்த இடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஆபீசர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கொஞ்சம் சிரித்தார். பிறகு தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த மெஷின் மேலேயே, பெட்ஷீட்டின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார்.

உள் ரூம் திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். துணியைத் தூக்கிப் பாருங்க சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொல்வதற்கே பக்கத்தில் இருக்கிற பெண்ணைச் சொல்லச் சொல்பவள் நான். திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடினார்.

நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தாமதத்துக்கு அபராதமும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். டப்பா காலியாயிற்று.

எதிர் வீட்டுக்காரி அந்த மழைக்கு முன்பே ஆம்பூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆபீசர் வருவதற்கு முதல் நாள்தான் வந்து பூட்டைத் திறந்தாள். முழங்கால் சேற்றைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அதே ஆபீசர் அவளிடம் ஃபாரத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு, கந்தாயம் இல்லை என்று எழுதிவிட்டார்.

"தொடைக்க ஆளு இல்லக்கா, அதுவே நல்லதாப் பூட்ச்சு" என்றாள். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவளோடு பேச எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

மெஷினைக் காயலான் கடைக்காரன் தூக்கிக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர் யாருடைய ஷெட்டுக்கோ தினக்கூலிக்குத் தைக்கப் போனார். கல்யாணம், காரியம் எங்கே நாலு பேர் கூடினாலும், "வெள்ளையடிச்சே என்னக் கந்தாயம் கட்ட வெச்சவ இவ" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மானம் போகாமல் பார்த்துக்கொள் என்றது யார், ஒரு குறையும் இல்லை என்றது எந்த வாய் என்று அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு தினமும் கேட்கிறேன்.

மகனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து, அதே இடத்தில் மாடி எழுப்பினோம். நான் கீழே இருக்கிறேன். சில வருஷம் கழித்து அதே காலுவே மறுபடி உள்ளே வந்தது. இந்தத் தடவை நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. மெத்தையை எறியவில்லை. நனைந்த பீரோவைத் திறந்தே வைத்தேன். சுவரில் கோடு தெளிவாக நின்றது. மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கொழந்த தவழ்ற எடம் அத்தே" என்றாள். அவள் கழுவ வந்தபோதும் விடவில்லை. அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்று சொல்லாததை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மகன் கேட்டான், யாருக்காகம்மா இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய் என்று. கந்தாய ஆபீசர் வருவார் என்றேன்.

"கந்தாயமா? அத ஏப்ரல்லயே கட்டிட்டேம்மா. மொதல்லயே கட்டுனா கொஞ்சம் கொறச்சிக்கிறாங்க. இப்ப யாரும்மா வந்து பாக்கறா?"

அவன் மாடிக்குப் போனான். நான் வாளியில் தண்ணீர் பிடித்தேன். காய்ந்துபோன சேறு லேசில் வரவில்லை. சுவரில் இருந்த கோட்டை மட்டும் கடைசியில் தேய்த்தேன்.